நிலவறைக் கதவு



குடும்ப வாழ்வைக் குறித்து ஏதேனும் நல்ல ஆலோசனை கிடைக்கும் என்ற எண்ணத்தோடு இப்பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். எழுபது வயதை நெருங்கும் ஒருவன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றி எழுதியிருப்பதைக் கண்டு வியப்படைந்தாலும் அடைவீர்கள். அதுவும் வாலிபப் பிள்ளைகள் பார்க்கிற, அமானுஷ்ய பலம் படைத்த ஒரு பையனின் கதை. "பெரியவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் கேட்டால் எனக்கு வருத்தமில்லை, ஒரு காலத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன். ஆயினும் பொறுமையோடு வாசியுங்கள். பதினான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பூட்டிக் கிடந்த ஒரு கதவை அந்தத் தொடர்தான் தட்டிற்று.

தொடரின் பெயர் 'ஸ்மால்வில்'. 2001 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவில் தொடங்கி, பத்து சீசன்கள் ஓடி, 2011 மே 13 அன்று நிறைவு பெற்றது. ஆல்ஃபிரட் கஃப், மைல்ஸ் மில்லர் என்னும் இருவர் அதை உருவாக்கினார்கள். சூப்பர்மேனை நீங்கள் அறிவீர்கள். நீல உடையும் சிவப்பு அங்கியும் அணிந்து வானத்தில் பறக்கிறவன். 1938-ஆம் ஆண்டு படக்கதைப் புத்தகமாக அவன் முதன்முதல் வெளிவந்தான். அவனைக் கற்பனை செய்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள். அந்நிய நாட்டிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அழியப்போகும் உலகத்திலிருந்து தப்புவிக்கும்படி பெற்றோர் ஒரு குழந்தையைச் சிறு கலத்தில் வைத்து அனுப்ப, வேறொரு வீட்டார் அதை எடுத்து வளர்க்கிறார்கள். நாணற்பெட்டியில் மிதந்துவந்த மோசேயின் நினைவு உங்களுக்கு வருகிறதல்லவா? பலருக்கும் அப்படியே வந்திருக்கிறது.

'ஸ்மால்வில்' அந்தச் சூப்பர்மேனின் பிள்ளைப்பிராயக் கதை. கான்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், கிளார்க் கென்ட் என்ற பெயரோடு, பள்ளிக்குப் போகிற பையனாக அவன் வளர்ந்த கதை. உடையும் கிடையாது, பறத்தலும் கிடையாது என்பது தயாரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட விதி. ஆகையால் பார்க்கிறவன் கண் வானத்தை நோக்கிப் போகாமல், ஒரு விவசாயியின் வீட்டு அடுக்களையில் கிடக்கும் சாப்பாட்டு மேஜையின்மேல் தங்கிற்று. வளர்த்த தகப்பனின் பெயர் ஜோனத்தன். தாயின் பெயர் மார்த்தா. நம் வேதாகமத்து யோனத்தானும் மார்த்தாளும்தான்.

நான் பார்க்கவந்த விதம்

நான் மும்பையில் ரயில்வே பணிமனை ஒன்றில் வேலை செய்து 2016-இல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். 1981-இல் திருமணம். ஒன்பது வருஷம் எங்களுக்குப் பிள்ளையில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி எந்தெந்த வாசற்படியில் என்னென்ன சொற்களைக் கேட்டாள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை; நம் ஊர்களை நீங்கள் அறிவீர்கள்.

1990-இல், ஆறு மாதக் குழந்தையான எங்கள் மகன் ஓர் இல்லத்திலிருந்து எங்களிடம் வந்தான். வந்த மூன்றாம் மாதமே, ரயில்வே குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, எங்களை ஒருவரும் அறியாத கல்யாண் பகுதிக்குக் குடிபோனோம். புதிய சபையில் என் மனைவி எழுந்து நின்று, "ஒன்பது வருஷம் கழித்துக் கர்த்தர் எங்களுக்கு ஒரு மகனைத் தந்தார்" என்று சாட்சி சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. கேட்டவர்கள் அவள் பெற்றாள் என்றே விளங்கிக்கொண்டார்கள். விளங்கிக்கொள்ளட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

2004-இல் மகன் ஒன்பதாம் வகுப்பு. அக்காலத்தில் எங்கள் சபையில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீடுகளே அதிகம். எங்கள் வீட்டிலும் இல்லை. படிப்புக்கென்று வாங்கிய கணினி ஒன்று இருந்தது. அவனுடைய பள்ளித் தோழனின் மாமா அமெரிக்காவிலிருந்து வந்தபோது, இத்தொடரின் முதல் சீசன் அடங்கிய குறுந்தகடுகளைக் கொண்டுவந்திருந்தார். மகன் அவற்றை இரவல் வாங்கி வந்தான். அவன் என்ன பார்க்கிறான் என்று ஆராய்ந்து, கூடாது என்று தடுத்துவிடவே நான் அன்று மாலை அவன் அருகில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன்.

முதல் பகுதியிலேயே தடுப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பள்ளியின் முரட்டு மாணவர்கள் கிளார்க்கைப் பிடித்து, சட்டையைக் கழற்றி, மார்பில் சிவப்பு மையால் ஓர் எழுத்தை எழுதி, சோளக்கொல்லையில் நட்ட மரத்தில் கைகளை விரித்துக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அந்தக் காட்சி எதை நினைவுபடுத்தும்படி எடுக்கப்பட்டது என்பது எவருக்கும் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் நான் எழுந்து கணினியை நிறுத்தவில்லை. அதற்குச் சற்று முன்பு வந்த வேறொரு காட்சி என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தது.

வேகமாய் வந்த கார் ஒன்று கிளார்க்கை மோதிப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளுகிறது. அவனோ காயமின்றி எழுந்து, காரோட்டியையும் கரைசேர்க்கிறான். "நான் யார்? எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?" என்ற கேள்வி அவனை அரிக்கிறது. அப்போது ஜோனத்தன் அவனை நிலவறைக்கு அழைத்துப்போகிறான். கான்சாஸ் சூறாவளி அடிக்கிற பூமி. புயலுக்கு ஒதுங்கத் தரைக்குக் கீழே அறை தோண்டி வைத்திருப்பார்கள். அங்கே, துணிபோட்டு மூடிய ஒரு சிறிய விண்கலம். 1989-இல் விண்கற்கள் மழையாய்ப் பொழிந்த நாளில் நீ இதில்தான் வந்தாய் என்று தகப்பன் சொல்லுகிறான். பையன் நம்ப மறுக்கிறான். பிறகு, இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டாமா என்று கோபித்துக்கொண்டு இருளில் ஓடிப்போகிறான்.

என் மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏன் அப்பா, அவர்கள் இவ்வளவு நாள் இவனிடம் சொல்லவில்லை?" என்று கேட்டான்.

அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த என் மனைவி உள்ளே போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான், "பயம்தான்" என்றேன். "யாருக்குப் பயம்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் காகிதம்

அந்த இரவுக்குப் பின், மகன் தூங்கினபிறகு நான் தனியே அமர்ந்து அந்தக் குறுந்தகடுகளைப் பார்க்கத் தொடங்கினேன். ரசிகன் என்ற சொல் எனக்குப் பொருந்துமானால், பயத்தினால் ரசிகனானவன் நான். இந்தத் தகப்பன் அடுத்து என்ன செய்வான் என்று அறிந்துகொள்ளவே பார்த்தேன். அவ்வாண்டிலேயே இரண்டாம் சீசனும் தோழன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் 2002 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதி என்னை உலுக்கிவிட்டது.

விண்ணிலிருந்து வந்த பிள்ளைக்குத் தத்துப் பத்திரம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விக்கு அப்பகுதி விடை சொல்லுகிறது. விண்கற்கள் விழுந்த நாளில், காயப்பட்ட சிறுவன் லெக்ஸையும் அவன் தகப்பனாகிய பெருஞ்செல்வன் லயனல் லூத்தரையும் ஜோனத்தன் காப்பாற்றியிருந்தான். அதற்குக் கைம்மாறாக, ஒரு போலித் தத்து நிறுவனத்தின் பெயரில் லயனல் பத்திரம் ஏற்பாடு செய்துகொடுக்கிறான். சும்மா அல்ல. ஜோனத்தனின் நண்பர்களுக்குச் சொந்தமான ஆலை ஒன்றை அவர்கள் தனக்கு விற்கும்படி அவன் பேசி இணங்கச் செய்ய வேண்டும். ஊரிலேயே நேர்மையானவன் என்று பெயரெடுத்த ஜோனத்தன், பிள்ளைக்காக அதைச் செய்தான். அவன் வீட்டுக் காகிதம் பொய். ஆனால் அதில் தகப்பன் என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டுக் காகிதமோ மெய்யானது; அதில் தகப்பன் என்று எழுதியிருக்கவில்லை. வாசகர்களில் பலர் இதை அறியமாட்டீர்கள். இந்நாட்டில் 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கே உரியது; பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடங்குவர். கிறிஸ்தவர்களாகிய நாம் அக்காலத்தில் ஒரு குழந்தையை வளர்க்க விரும்பினால், 1890-இல் ஆங்கில அரசு இயற்றிய சட்டத்தின்கீழ் 'காப்பாளர்' என்று நீதிமன்றத்தில் நியமனம் பெறலாம், அவ்வளவே. பிள்ளை வயது வந்தவனானால் அந்த உறவு சட்டப்படி முடிந்துபோகும். 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதற்கு 2006-இல் வந்த திருத்தமும்தான் எல்லா மதத்தாருக்கும் முழுத் தத்தெடுப்பின் வாசலைத் திறந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1990-இல் எங்களுக்குக் கிடைத்தது காப்பாளர் உத்தரவு மட்டுமே. அதை ஒரு பழைய தகரப் பெட்டியில், என் மனைவியின் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தோம். அதுவே எங்கள் நிலவறை.

சொன்ன இரவு

2004 செப்டம்பரில் ஒரு ஞாயிறு இரவு, மாலை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டபின், பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். முன்கூட்டி யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். என் மனைவி அழவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாக அதை விடுவித்துக்கொண்டான்.

காகிதத்தை இரண்டுமுறை வாசித்தான். பின்பு, "அப்பா என்ற வார்த்தை இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். சட்டத்தை விளக்கினேன். அதைக் கேட்டானோ இல்லையோ, மாடிக்குப் போய்விட்டான். விடியும்வரை கைப்பிடிச் சுவரை ஒட்டி அமர்ந்திருந்தான். நானும் படிக்கட்டில் அமர்ந்திருந்தேன். அவன் அருகே போகவும் துணியவில்லை, கீழே போகவும் மனமில்லை.

பத்து நாட்களுக்குமேல் எங்களிடம் அதிகம் பேசவில்லை. பள்ளிக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். பிறகு ஒருநாள், நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, வாசலில் நின்று கேட்டான்: "அப்பா, இது வேறு யாருக்குத் தெரியும்?"

"ஒருவருக்கும் தெரியாது."

"இனிமேலும் தெரியக்கூடாதா?"

நான் தயங்கினேன். "உன் நன்மைக்காக..." என்று தொடங்கினேன்.

"அப்படியானால் இது இப்போது என்னுடைய ரகசியமும் ஆகிவிட்டது. கிளார்க்கைப் போல இனி நானும் எல்லாரிடமும் மறைக்க வேண்டும். இதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

அன்பானவர்களே, இத்தொடரைப் பற்றி நூற்றுக்கணக்கான மணி நேரம் யோசித்து நான் அடைந்திருக்கக்கூடிய அபிப்பிராயத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

தொடர் காட்டுகிற விலை

நான் ஜோனத்தனைக் கண்டு, "ஆகா, நிலவறையைத் திறந்து உண்மையைச் சொன்ன தகப்பன்" என்று மெச்சினேன். ஆனால் தொடர் அங்கே முடியவில்லையே! ஜோனத்தன் மகனிடம் உண்மையைச் சொன்ன பிறகு, நிலவறைக் கதவை மறுபடியும் மூடுகிறான். ஒருவரும் அறியக்கூடாது என்று பையனுக்குப் போதிக்கிறான். அன்றுமுதல் பாரம் தகப்பனின் தோளிலிருந்து பிள்ளையின் தோளுக்கு மாறிவிடுகிறது. அடுத்துவரும் ஆண்டுகளில் நாம் பார்ப்பதெல்லாம் அந்தப் பாரம் என்னென்ன செய்கிறது என்பதையே.

பாலத்தில் காரோட்டி வந்தவன் லெக்ஸ் லூத்தர். பின்னாளில் சூப்பர்மேனின் பரம வைரியாகப்போகிறவன். இத்தொடரிலோ அவன் கிளார்க்கின் நண்பனாகத் தொடங்குகிறான். மைக்கேல் ரோசன்பாம் அந்தப் பாத்திரத்தில் நடித்த விதம் மறக்கக்கூடியதல்ல. பொய்யும் சூதும் நிறைந்த தகப்பனின் வீட்டில் வளர்ந்த அவன், கென்ட் வீட்டு மேஜையைப் பார்த்து ஏங்குகிறான். தன்னை எப்படிக் காப்பாற்றினாய் என்று நண்பனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கிளார்க் பொய்யே சொல்லுகிறான். மூன்றாம் சீசனின் முடிவில், தன் வாழ்வை ஆராய்வதற்கென்று லெக்ஸ் ஒரு தனி அறையே வைத்திருப்பதைக் கிளார்க் கண்டுபிடிக்கிறான். துரோகம் என்று அவன் கொதிக்கிறான், நாமும் கொதிக்கிறோம். ஆயினும் அந்த அறையைக் கட்டினதில் கிளார்க்கின் பொய்களுக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியுமா? அவன் நேசித்த லானாவும் இவ்விதமே அவனைவிட்டு விலகிப்போகிறாள். "உன்னைக் காக்கவே மறைத்தேன்" என்பதே ஒவ்வொரு முறையும் அவன் சொல்லும் நியாயம். அந்த வார்த்தை என் வாயிலும் இருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஒரு வித்தியாசத்தை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். கென்ட் குடும்பத்தாருக்குப் பயப்பட மெய்யான காரணம் இருந்தது. உண்மை வெளிப்பட்டால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்துவிடுவார்கள். எங்கள் பிள்ளையை யார் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்? நாங்கள் காத்தது அவனை அல்ல, எங்கள் மானத்தை. "மலடி" என்ற சொல் மறுபடியும் அவள் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் மடியின் கனத்தைப் பிள்ளையின் மடியில் வைக்கப் பார்த்தோம்.

மறுவாரம் சபையில், சாட்சி நேரத்தில் என் மனைவி எழுந்தாள். பதினான்கு ஆண்டுகளுக்குமுன் தான் சொன்ன சாட்சியில் பாதியை விட்டுவிட்டதாகச் சொல்லி, அந்தப் பாதியையும் சொன்னாள். மகனிடம் முன்னமே கேட்டிருந்தோம், அவன் சம்மதித்திருந்தான். எல்லாரும் கண்ணீரோடு தழுவிக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. கொஞ்ச நேரம் அமைதி. பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு எங்களோடு நெருக்கமாயிருந்த ஒரு குடும்பத்தார், "இத்தனை நாள் எங்களிடமே மறைத்தீர்களே" என்று வருத்தப்பட்டார்கள், அது நியாயமே. ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்றை மனைவி இரண்டாம்முறை வாசிக்காமல் கிழித்தாள். பிள்ளையில்லாத ஒரு தம்பதியர் மட்டும் இரவில் எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தையை எங்கே, எப்படிக் கேட்க வேண்டும் என்று விசாரித்தார்கள். அன்று அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவன் என் மகன்தான்.

ஒரு ரசிகனின் தீர்ப்பு

இனி, தொடரைப் பற்றிய என் அபிப்பிராயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து சீசன்களே இதன் உயிர். ஜோனத்தனாக ஜான் ஷ்னைடரும், மார்த்தாவாக அனெட் ஓ'டூலும் வாழ்ந்திருக்கிறார்கள். இந்த அம்மையார் 1983-இல் வந்த மூன்றாம் சூப்பர்மேன் திரைப்படத்தில் லானா லாங்காக நடித்தவர் என்பது ரசிகர்கள் மகிழ்ந்து சொல்லிக்கொள்ளும் செய்தி. 2003 பிப்ரவரியில் வந்த ஒரு பகுதியில், பழைய திரைப்படங்களின் சூப்பர்மேனாகிய கிறிஸ்டோபர் ரீவ் நடித்தார். 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, நீ எங்கிருந்து வந்தாய் என்பதை இளம் கிளார்க்குக்கு அறிவிக்கிறார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். பறந்தவர் அமர்ந்திருக்க, பறக்கப்போகிறவன் நின்று கேட்கும் அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் சீசனின் தொடக்கம் நம் வாசகர்களுக்கு மிகவும் அறிமுகமானதாய்த் தோன்றும். கிளார்க் வீட்டைவிட்டு மாநகரத்துக்கு ஓடிப்போய், கெட்டுத் திரிகிறான். கெட்ட குமாரனின் தகப்பன் வாசலிலிருந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோனத்தனோ தேடிப் புறப்படுகிறான். மகனுக்கு ஈடான பலத்தைத் தற்காலிகமாகப் பெற்று, அவனோடு போராடி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அந்தப் பலத்தின் விலையாகத் தன் இருதயம் பழுதடைந்ததை அவன் மகனிடம் உடனே சொல்வதில்லை. ஐந்தாம் சீசனில், 2006 ஜனவரி 26 அன்று ஒளிபரப்பான நூறாவது பகுதியில், அந்த இருதயம் நின்றுபோகிறது. எங்களுக்கு அது மிகவும் தாமதமாகவே பார்க்கக் கிடைத்தது. பண்ணைவெளியில் ஜோனத்தன் சரிந்து விழுந்தபோது, என் மகன் ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மாடியில் அமர்ந்திருந்த அந்த இரவுக்குப் பிறகு அவனாக என்னைத் தொட்டது அதுவே முதல் தடவை என்று எனக்கு நினைவு.

குறைகளும் இல்லாமலில்லை. ஒவ்வொரு வாரமும் விண்கல்லால் கெட்டுப்போன ஒருவன் வருவதும், கிளார்க் அவனை வீழ்த்துவதும் சலிப்பூட்டுகிறது. நான்காம் சீசனில் பழங்காலத்துச் சூனியக்காரி ஒருத்தியின் ஆவி லானாவுக்குள் புகும் கதையை வீட்டில் ஓட்ட நான் அனுமதிக்கவில்லை; அதை இன்றும் தவறென்று நினைக்கவில்லை. கிளார்க்கும் லானாவும் சேர்வதும் பிரிவதுமாக எத்தனை வருஷம்! எல்லாவற்றிலும் பெரிய குறை, கதை ஓடவேண்டும் என்பதற்காகவே கிளார்க் பொய் சொல்லிக்கொண்டிருப்பது. பொய்யின் விலையைக் காட்டத் தொடங்கின தொடர், போகப்போகப் பொய்யையே முதலாக வைத்துப் பிழைத்தது. ஜோனத்தன் மறைந்து, ஆறாம் சீசனின் முடிவில் மார்த்தாவும் வாஷிங்டனுக்குப் போய்விடுகிறாள். உருவாக்கிய கஃப், மில்லர் இருவரும் 2008-இல் விலகினார்கள். மேஜை காலியான பின்பு அங்கே எனக்கு என்ன வேலை?

என் மகன் இதை ஒத்துக்கொள்ளுவதில்லை. கிளார்க் மாநகரத்தில் பத்திரிகையாளனாக வேலை பார்த்து, லோயிஸ் என்னும் பெண்ணிடம் தன் உண்மையைச் சொல்லுகிற பிந்தின சீசன்களையே அவன் விரும்புகிறான். "பிள்ளை வீட்டில் இருந்தவரைக்கும் உங்களுக்குப் பிடித்தது. அவன் தன் வாயால் தன் கதையைச் சொல்லத் தொடங்கியது எனக்குப் பிடித்தது" என்கிறான். அவன் பக்கத்தில் நியாயம் அதிகம் என்று வயது ஏற ஏற எனக்குத் தோன்றுகிறது.

ஒரு காட்சியில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறோம். 2011-இன் கடைசிப் பகுதியில், பத்து வருஷம் காத்திருந்த அந்த உடை கிளார்க்குக்குக் கிடைக்கிறது. வேற்றுலகத்தில் அவனைப் பெற்ற தகப்பனின் குரல் தொடர் முழுவதும் அவனுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் அந்த உடையை ஏந்தி நீட்டுகிற கை அவனை வளர்த்த விவசாயியின் கை. மறைந்துபோன ஜோனத்தன் ஒரு தோற்றமாக வந்து நிற்கிறான். தொடரை எழுதியவர்கள் பல இடங்களில் தடுமாறினார்கள் என்றாலும், அந்த ஒரு கேள்விக்குச் சரியாக விடை எழுதினார்கள்.

வாசகரே, மகனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. புனேயில் குடும்பத்தோடு இருக்கிறான். இதை எழுதி முடித்ததும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பெயரை எழுத வேண்டாம் என்றான். மற்றதையெல்லாம் எழுதலாம் என்றான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளையும், இப்படி ஒரு தகரப் பெட்டியும் இருக்கலாம். இருந்தால், பிள்ளை கேள்வி கேட்கும் வயதுக்குமுன் சொல்லிவிடுங்கள். நாங்கள் பதினான்கு ஆண்டுகள் தாமதித்தோம். சொல்லும்போது, "யாரிடமும் சொல்லாதே" என்ற வார்த்தையை மட்டும் அதனோடு சேர்க்காதிருங்கள்.

அந்தக் காப்பாளர் உத்தரவு இன்னும் எங்களிடம் இருக்கிறது. மகனுக்குத் திருமணமானபோது அதை அவனிடமே கொடுத்தோம். அவன் அதைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. தன் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில், அவற்றுக்கு மேலாக வைத்திருக்கிறான். அதன் ஓரத்தில், காப்பாளர் என்ற சொல்லுக்கு எதிரே, பென்சிலால் 'அப்பா' என்று எழுதியிருக்கிறான். எப்போது எழுதினான் என்று நான் கேட்கவில்லை.